தேதி தவறினால் எனக்கு அபராதம், அவர்களுக்கு அறிக்கை

ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் கூட்டத்தில் நான் எழுந்து கேட்ட கேள்வியையும், அதற்கு அரங்கம் சிரித்த சிரிப்பையும் பெரும்பாலானோர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முழுக் கதையையும் மறுபடி எழுதவில்லை. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையின் மளிகைக் கடைக்காரர்களுக்குப் பருவநிலைப் பொறுப்பைக் கற்றுத்தர வந்த பேச்சாளர், அமெரிக்கப் பேரங்காடி நிறுவனமான வால்மார்ட்டை முன்மாதிரியாகத் திரையில் காட்டினார். 2024 டிசம்பரில் அதே வால்மார்ட் என்ன சொன்னது என்று மட்டுமே நான் கேட்டேன். "அண்ணனுக்கு வயிற்றெரிச்சல்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, காணொளியில் அதுவும் தெளிவாகவே கேட்கிறது.

அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். தன் சொந்தக் கடைகள், கிடங்குகள், லாரிகளின் கார்பன் உமிழ்வை 2040க்குள் பூஜ்ஜியமாக்குவதாக 2020இல் அந்நிறுவனம் உறுதி கூறியது. இடைக்கால இலக்குகளும் இருந்தன: 2015ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2025க்குள் 35 சதவீதமும், 2030க்குள் 65 சதவீதமும் குறைப்பது. 2024 டிசம்பரில், இவ்விரண்டையும் பெரும்பாலும் எட்ட இயலாது என்று அந்நிறுவனமே அறிவித்தது. மின்கொள்கை, குளிரூட்டும் தொழில்நுட்பம், கனரக வாகனங்கள் ஆகியவை தாங்கள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். காரணம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேதி தவறியதற்கு அவர்கள் செலுத்திய அபராதம் எவ்வளவு? ஓர் அறிக்கை.

இனி என் கணக்கு. கேரளத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை வந்தது. தமிழ்நாட்டில் ஓராண்டு முன்பே தடை வந்துவிட்டதால், அங்கே விற்க முடியாத பிளாஸ்டிக் கவர்கள் எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாக மலிவாக வந்தன. வாங்கி அடுக்கினேன், அது என் பேராசைதான். பிப்ரவரியில் அதிகாரிகள் வந்தபோது சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் ஒரு கட்டு மிச்சமிருந்தது. துணிப்பை தைப்பவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டேன், இரண்டு வாரம் பொறுங்கள் என்றேன். பத்தாயிரம் ரூபாய்க்கு ரசீது எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் தொழில்நுட்பமும் நான் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை என்று சொல்ல அன்று எனக்குத் தோன்றவில்லை.

"அவர்களாவது வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்களே" என்கிறார் ஒரு நண்பர். சரி, ஒப்புக்கொண்டார்கள். நானும் அன்று ஒப்புக்கொண்டேன், ரசீது கிடைத்தது.

"தங்களுக்குச் சரக்கு தரும் வழங்குநர்களைக் கொண்டு நூறு கோடி டன் உமிழ்வைத் தவிர்த்தார்களே" என்று பேச்சாளரே மடக்கினார். 2017இல் தொடங்கிய ஜிகாடன் திட்டத்தின் இலக்கு அது, 2030க்கு வைத்த இலக்கை 2024 பிப்ரவரியிலேயே எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் அங்கே எண்ணப்படுவது தவிர்க்கப்பட்ட உமிழ்வு, அதுவும் வழங்குநர்கள் தாங்களே கணக்கிட்டு அனுப்புவது. இந்த முயற்சி இல்லாவிட்டால் இவ்வளவு புகைந்திருக்கும் என்ற கற்பனைக் கோட்டிலிருந்து கழித்துப் பார்ப்பது. மொத்தப் புகை குறைந்ததா என்பது வேறு கேள்வி. ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் உமிழ்வில் பெரும்பகுதி அது விற்கும் பொருட்களின் உற்பத்தியிலும் பயன்பாட்டிலும்தான் இருக்கிறது, 2040 வாக்குறுதியோ அந்தப் பகுதியைத் தொடவே இல்லை. என் கடை வாசலை மட்டும் கூட்டிவிட்டுத் தெருவே சுத்தம் என்று நான் பலகை வைத்தால், பக்கத்து டீக்கடைக்காரர் என்னைச் சும்மா விடுவாரா?

"உன் கடை ஃப்ரீசரைப் பார்" என்பவர்களுக்கு மட்டும் எனக்குப் பதில் தடுமாறுகிறது. 2024 ஏப்ரலில் பாலக்காடு 41 டிகிரியைத் தாண்டிய நாட்களில் என் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் இரண்டு முறை நின்றது. மெக்கானிக் சோப்பு நுரையைக் குழாயில் தடவிக் காட்டினார். ஓரிடத்தில் மட்டும் சிறு குமிழி ஊதி ஊதி உடைந்தது. பின்புறச் சீட்டில் குளிரூட்டும் வாயு ஆர்134ஏ, 200 கிராம் என்றிருந்தது. அந்த வாயு ஒரு கிலோ என்பது கரியமில வாயு 1,430 கிலோவுக்குச் சமம் என்று என் மகள் சொன்னாள். அப்படியானால் ஒருமுறை முழுதும் கசிந்தால் 286 கிலோ, இரண்டு முறைக்கு இருமடங்கு. பேரங்காடிகளின் பெரிய குளிர்பெட்டிகளில் பரவலாக இருந்துவரும் ஆர்404ஏ இன்னும் மோசம், கிலோவுக்கு ஏறத்தாழ 3,900 கிலோ. இருக்கட்டும், என் 286 என்னுடையதுதான். அன்றிரவு கணக்கு நோட்டில் அதையும் எழுதி வைத்தேன், எதற்கென்று தெரியவில்லை.

வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 2018இல் ஆயிரத்து அறுநூறு கோடி டாலருக்கு ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை வாங்கிய நிறுவனத்தைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல் இருந்தால்தான் என்ன? என் அப்பா பருப்பைச் செய்தித்தாளில் மடித்துச் சணலால் கட்டிக் கொடுத்தார், எண்ணெய்க்குத் தூக்குவாளியோடுதான் வருவார்கள். அவருக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, திரையில் படமும் காட்டவில்லை. அவர் மகனைத்தான் ஏ.சி. அரங்கில் உட்காரவைத்து, புவியைக் காப்பது எப்படி என்று வால்மார்ட்டைக் காட்டிச் சொல்லித்தருகிறார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் என் கடையில் கடன் நோட்டு வைத்திருப்பவர்கள் என்பதையும் குறிப்பிடத் தோன்றுகிறது. இதை எழுதியிருக்க வேண்டாம்தான், ஆனாலும் அழிக்கப் போவதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது, பேச்சாளரும் அவரே. அந்தப் பத்தாயிரம் ரூபாய் ரசீது இன்னும் கல்லாவின் அடித்தட்டில் இருக்கிறது, மை சற்று மங்கிவிட்டது. நாளை காலையே ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும்.