கீழ்த்தளத்தில் ஐந்து நாள் சாவு

போன மாதம் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், எல்லாருக்கும் பொதுவான அந்தத் திறந்த இடத்தில், ஒரு சாவு. ஒன்பதாம் மாடியில் இருந்த சீனப் பாட்டி, தொண்ணூறைத் தாண்டியவர். வெள்ளைத் துணிப் பந்தல் போட்டு, வட்ட மேசைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பரப்பி, சீன வழக்கப்படி ஐந்து நாள் உடலை வைத்திருந்தார்கள். இரவில் சடங்கு செய்பவர்கள் வந்து மணியடித்து ஓதினார்கள்.

இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்கு புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் சென்னையிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன ஓர் இளைஞர். கணினித் துறையில் வேலை, மனைவி, நான்கு வயதில் ஒரு மகள். "குழந்தைகள் நடந்துபோகும் இடத்தில் இத்தனை நாள் சடலத்தை வைத்திருப்பது சரியா? மகள் பயந்து அழுகிறாள். நகர மன்றத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா?"

சற்று நேரத்தில் பதில் வந்தது. "பிடிக்கவில்லை என்றால் உன் நாட்டுக்கே போய்விடு." பதில் எழுதியவர் சீனர் அல்லர். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். எங்கள் புளோக்கில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடி வருபவர்.

இரண்டு செய்திகளும் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. குழுவில் எழுதினால் சண்டைதான் நீளும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நானும் வந்தவள்தான். 1997இல் மன்னார்குடியிலிருந்து கணவரோடு சிங்கப்பூர் வந்து, ஈசூனில் ஒரு வீட்டில் அறை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்காரம்மா போட்ட ஒரே நிபந்தனை "லைட் குக்கிங் மட்டும்". முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் வேகவைக்கலாம். தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்காமல் பத்து மாதம் இருந்திருக்கிறேன். நம் சாப்பாட்டின் மணத்தை ஒருவர் நாற்றம் என்று நினைக்கிறாரே என்ற வலி எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

அதே ஆண்டு சீனர்களின் ஏழாம் மாதம் வந்தது. பசித்த ஆவிகள் பூமிக்கு வரும் மாதம் என்பது அவர்கள் நம்பிக்கை. மாலை நேரங்களில் புளோக்கின் கீழே தகரத் தொட்டிகளில் காகிதப் பணத்தை எரிப்பார்கள். மூங்கில் கழிகளில் காயப்போட்டிருந்த என் துணியெல்லாம் சாம்பலும் புகை வாடையுமாகிவிட்டது. "இவ்வளவு முன்னேறிய நாட்டில் இதென்ன பழக்கம்?" என்று கணவரிடம் கத்தினேன். என் சமையல் வாடைக்கு இடமில்லையே என்று அழுத அதே வாயால்தான் அதைச் சொன்னேன்.

அந்த மாதத்திலேயே திடலில் கெத்தாய் என்ற கலைநிகழ்ச்சிக்கு மேடை போட்டார்கள். பாட்டும் ஆட்டமும் பார்க்கப் போனோம். முன்வரிசை முழுவதும் காலியாகக் கிடந்தது. போய் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்து, என் கையைப் பிடித்து எழுப்பி, தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. முன்வரிசை ஆவிகளுக்கு விடப்பட்ட இடம் என்று மறுநாள் வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பாட்டி என்னைத் திட்டியிருந்தால் கெத்தாய் பக்கம் மறுபடி போயிருக்க மாட்டேன். 28 ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

2011 ஆகஸ்டில் இங்கே பெரிதாகப் பேசப்பட்ட கறி விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாடை பிடிக்கவில்லை. இந்தியக் குடும்பம் கதவையும் ஜன்னலையும் மூடிச் சமைத்துப் பார்த்தது, போதவில்லை. விவகாரம் சமூக சமரச நிலையத்துக்குப் போனது. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது, பதிலுக்கு அவர்கள் ஒரு முறையாவது அந்தக் கறியைச் சுவைத்துப் பார்ப்பது என்று உடன்பாடு. நடந்தது சில ஆண்டுகளுக்கு முன்னால். செய்தித்தாளில் அந்த ஆகஸ்டில் வந்ததும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கறி சமைப்போம் என்று முகநூலில் அழைப்பு விடுத்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். கூப்பிட்டவர்களிலும் சமைத்தவர்களிலும் சிங்கப்பூர்ச் சீனர்கள் ஏராளம். என் எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி அன்று கோழிக்கறி வைத்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார். உப்பு கொஞ்சம் அதிகம். அதைச் சாப்பிட்டுவிட்டு நான் அழுதேன்.

அந்தச் சீனர்கள் ஏன் தங்கள் முன்னோர் நாட்டுக்காரர் பக்கம் நிற்காமல் இந்தியக் குடும்பத்தின் பக்கம் நின்றார்கள்? இந்த ஊரில் கறி இந்தியருடையது மட்டுமல்ல. மீன்தலைக் கறி கேரளத்திலிருந்து வந்த ஒருவர் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்துச் செய்தது என்பார்கள். இன்று அதைச் சீனக் கடைகளிலும் விற்கிறார்கள். ஆனால் ருசி மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். அடுத்த வீட்டு வாடையைச் சகித்துக்கொள்வது என்பது இங்கே ஒரு தலைமுறை தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட பாடம். மக்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு உண்டு. அடுத்த கதவு வேறு இனத்தாருடையதாக இருப்பது இங்கே தற்செயல் அல்ல. அப்படி வாழப் பழகியவர்களின் கணக்கை நேற்று வந்தவர் கலைத்ததுதான் கோபத்துக்குக் காரணம்.

அந்தக் கணக்கை இளைஞருக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தம்பி, நீங்கள் பார்க்கும் இந்த அமைதி சும்மா வந்துவிடவில்லை. 1964 ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட இனக் கலவரமும், செப்டம்பரில் மறுபடி வெடித்ததும் சேர்ந்து 36 உயிர்களைக் கொண்டுபோயின. அதற்குப் பின் ஒவ்வொரு சமூகமும் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறது. 1968இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாள் விடுமுறையை இழந்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் திங்கள் போயிற்று. இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூச விடுமுறையை விட்டார்கள். சீனர்களுக்குப் பட்டாசு என்றால் உயிர். 1970 புத்தாண்டில் பட்டாசு விபத்துகளில் ஆறு பேர் இறந்த பின் கட்டுப்பாடு வந்து, 1972இல் முழுத் தடையாயிற்று. பள்ளிவாசல்கள் 1970களில் ஒலிபெருக்கிகளை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டன. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு வானொலியில் ஒலிக்கத் தொடங்கியது.

எல்லாரும் ஒரே அளவு விட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. மேளச் சத்தமில்லாமல் காவடி எடுத்துப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். சிறு கூட்டத்தார் கூடுதல் விலை கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆனாலும் 2016இல் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இந்த ஊரிலேயே இருந்து, இங்குள்ளவர்களோடு உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். எட்டு மாதத்தில் புகார் எழுதி அல்ல.

ஆக, கீழ்த்தளத்துச் சாவை நான் இப்படித்தான் பார்க்கிறேன். சனிக்கிழமை அதே தளத்தில் மலாய்க் கல்யாணம் நடக்கும்; கொம்பாங் முழவுகள் அதிர, பிரியாணி மணம் நாலாம் மாடி வரை ஏறும். நம் வீட்டுச் சாவும் அங்கேதான். என் மாமனாரை அங்கேதான் கிடத்தினோம். தேவாரம் பாடினோம், பெண்கள் வாய்விட்டு அழுதோம். மேல்மாடிகளிலிருந்து ஒரு ஜன்னல்கூடச் சத்தமாகச் சாத்தப்படவில்லை. நகர மன்றத்தில் அனுமதி வாங்கி, அடுத்தவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்பி நாங்கள் அழுதோம். இன்று அந்தப் பாட்டியின் பிள்ளைகள் அழுகிறார்கள்.

நம்மவர்களுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் புதிதாக அறிமுகமாகிறவரிடம் சாதி கேட்பதில்லை. அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. வாயால் கேட்பது அசிங்கம் என்ற கூச்சம் வந்துவிட்டது. அது எவ்வளவு பெரிய சொத்து! புதிதாக வருகிற சிலர் "ஊர்ப்பக்கம் எந்தத் தெரு?", "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்து விசாரிப்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். சீனரின் ஊதுவத்திக்கு மூக்கைப் பொத்துகிறவர்கள் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இந்த நாற்றத்தை மட்டும் உணராமல் இருக்கிறார்கள். உள்ளூர் வழக்கத்தை மதிப்பது என்றால், தயவுசெய்து முதலில் இந்த ஒன்றை மதியுங்கள்.

இனி, "உன் நாட்டுக்குப் போ" என்று எழுதிய அண்ணனுக்கு.

அண்ணே, நீங்கள் அதை எழுதியபோது உங்கள் தாத்தாவை நினைத்தீர்களா? நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர் என்று நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். நாம் எழுந்து நின்று பாடும் நாட்டுப்பண்ணை எழுதி இசையமைத்த சுபிர் சயீத் சுமத்ராவில் பிறந்தவர். இன, மொழி, மத வேற்றுமை பாராமல் ஒன்றுபடுவோம் என்று பள்ளிப் பிள்ளைகள் தினமும் சொல்லும் உறுதிமொழியை 1966இல் வரைந்த எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வந்தவர்கள் எழுதிய வரிகளைத்தான் இந்த நாட்டின் குரல் என்கிறோம். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2013இல் மக்கள்தொகை 2030க்குள் 69 லட்சம் ஆகலாம் என்று அரசு வெள்ளை அறிக்கை சொன்னபோது ஹோங் லிம் பூங்காவில் எதிர்ப்புத் தெரிவித்து மழையில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களின் கவலை நியாயமானது. ரயில் நெரிசல், வீட்டு விலை, வேலைப் போட்டி எல்லாம் உண்மை. என் மகனும் இரண்டு ஆண்டு கட்டாயத் தேசிய சேவை செய்துவிட்டு வந்து, அந்தக் கடமை இல்லாதவர்களோடு வேலைக்குப் போட்டி போட்டான். ஆனால் அந்தக் கோபத்துக்கான விலையை நான்கு வயதுக் குழந்தையின் அப்பாவிடம் வசூலிக்கக் கூடாது.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நம் வழக்கம், நம் அமைதி என்று சொல்லிக்கொண்டே நாம் செய்த அநியாயமும் உண்டு. 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் மூடிக்கிடந்த ஒரு பள்ளியை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்கப் போகிறார்கள் என்றதும் குடியிருப்பாளர்கள் எதிர்த்து மனு எழுதினார்கள். விடுதி வந்தது; ஊழியர்கள் குடியிருப்புக்குள் நடக்காமலிருக்கத் தனிச் சாலையும் போடப்பட்டது. நாம் குடியிருக்கும் கட்டடங்களைக் கட்டுகிறவர்களுக்குத் தனிச் சாலை! எந்த வழக்கத்தைக் காப்பாற்ற? 2024 கணக்குப்படி இங்குள்ள 60 லட்சம் பேரில் 18 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் குடிமக்களும் அல்லர், நிரந்தரவாசிகளும் அல்லர். அவர்களில் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்தச் சீட்டை வைத்து நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இங்குள்ள ஒருவரை மணக்கவே அரசின் அனுமதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசும் அந்தப் பையன்களிடம் "எங்கள் வழக்கத்தை மதி" என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்க வேண்டும். மதிக்கக் கற்றுக்கொள்வதற்கு, முதலில் பக்கத்தில் உட்கார ஒரு நாற்காலி வேண்டும். 1997இல் ஒரு பாட்டி எனக்கு அதைத்தான் கொடுத்தார்.

குழுவில் நான் எதுவும் எழுதவில்லை. மறுநாள் மாலை அந்த இளைஞரின் கதவைத் தட்டினேன். "அக்கா, நீங்களும் திட்டத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை, கீழே போய்த் துக்கம் கேட்டுவிட்டு வரலாம் வாருங்கள் என்றேன். தயங்கினார். அவருடைய மனைவிதான் மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டு முதலில் செருப்பைப் போட்டார்.

வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுத்தோம். பாட்டியின் மூத்த மகன், எழுபதை நெருங்கியவர், எழுந்து வந்து குனிந்து நன்றி சொன்னார். வேர்க்கடலையும் பாக்கெட் பானமும் வைத்தார்கள். பாட்டி எண்பது வயது வரை உணவங்காடி நிலையத்தில் தட்டுக் கழுவியவர் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இருபது ஆண்டு ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கியும் நான் கேட்டதில்லை. சிறுமி கடலை உரித்துத் தின்றுகொண்டே பாட்டியின் படத்தைப் பார்த்து "இவங்க யாரு?" என்றாள். அவள் அப்பா பதில் சொன்னார். கிளம்பும்போது ஆளுக்கொரு சிவப்பு நூல் கொடுத்தார்கள். அதை விரலில் சுற்றிக்கொண்டு, வீட்டு வாசலை எட்டுவதற்கு முன் போட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் மகளுடைய விரலில் தானே சுற்றிவிட்டார்.

புகார் கொடுக்கவில்லை. குழுவில் போட்ட செய்தியையும் நீக்கிவிட்டார். அண்ணனின் செய்தி மட்டும் அப்படியே இருக்கிறது. அவரிடம் நான் இன்னும் பேசவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.