69 ஆண்டுகள் தாமதித்து வந்த பதக்கம்

நாஜி ஆக்கிரமிப்பைப் பதின்பருவத்திலேயே எதிர்த்து நின்ற ஹார்லெம் நகரத்துச் சகோதரிகள் ட்ரூஸ், ஃப்ரெடி ஓவர்ஸ்டீகன் இருவருக்கும் 2014-இல் நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ரூட்டே போர்ச் சிலுவைப் பதக்கம் வழங்கியதை, அவர்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை நெகிழ்ச்சியோடு விவரிக்கிறது. அது ஏன் அவர்களது முதுமைவரை தாமதித்தது என்பதை ஒரே வரியில் கடந்துவிடுவதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

அவர்கள் கம்யூனிஸ்ட் குடும்பத்துப் பிள்ளைகள். பனிப்போர்க் காலத்தில் அந்த அடையாளமே அவர்களை ஓரங்கட்டப் போதுமானதாக இருந்தது. எதிர்ப்புப் போராட்டத்தில் அவர்களுடைய தோழியான ஹன்னி ஸ்காஃப்ட், நாட்டின் விடுதலைக்கு மூன்று வாரங்கூட இல்லாத நிலையில், 1945 ஏப்ரல் 17 அன்று கடற்கரை மணல்மேடுகளில் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் அரசி வில்ஹெல்மினா முன்னிலையில் மரியாதையுடன் மறுஅடக்கம் செய்யப்பட்ட அவருக்கு, 95 பேருக்கு மட்டுமே அளிக்கப்பட்ட எதிர்ப்புச் சிலுவை என்ற பதக்கமும் கிடைத்தது. அப்படியிருந்தும், 1951-இல் அவருடைய நினைவஞ்சலி ஊர்வலத்தை, அதில் கம்யூனிஸ்டுகளின் கை இருக்கிறது என்று கூறி, அரசு தடை செய்தது. இறந்தவருக்கே இந்த நிலை என்றால், உயிரோடிருந்த சகோதரிகளை அரசு எப்படி நடத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பதக்கத்துக்காகக் காத்திராமல் சிற்பியாகிவிட்ட ட்ரூஸ், தோழிக்கான நினைவுச் சிலையைத் தம் கையாலேயே வடித்தார். ஹார்லெமின் கெனாவ் பூங்காவில் இருக்கும் அச்சிலையையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.