எலக்ட்ரிக் ஸ்டீயரிங்குக்கு ஆயில் கிடையாது

"ஸ்டீயரிங் லைட் விட்டுவிட்டு எரிந்து ஸ்டீயரிங் இறுகுதா? பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றுங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இன்றைய பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தாது. அவற்றில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுவது மின் மோட்டார். ஆயில் டேங்கே இருக்காது. சந்தேகமிருந்தால் காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

வந்து வந்து போகும் கோளாறுக்கு முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்கணும். பிறகு எர்த் ஒயர் (பேட்டரி நெகட்டிவ்வைக் காரின் உலோக பாடியோடு இணைப்பது): எஞ்சின் ஓட, ஹெட்லைட் போட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் துரு, தளர்ந்த போல்ட்தான் முதல் சந்தேகம். மெக்கானிக் ஸ்டீயரிங் ரேக்கை (ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்றச் சொன்னால், ஸ்கேனர் கருவி காட்டும் பிழைக் குறியீடு என்ன என்று கேளுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.