வலப்புறம் திரும்ப ஓர் அம்புக்குறி

நேற்றுக் காலை எட்டே முக்கால் மணிக்கு, தருமபுரியில் நான் தினமும் கடக்கும் சிக்னலில் நின்றிருந்தேன். எதிர்த்திசைக்குப் பச்சை விழுந்திருந்தது. அந்தப் பச்சை முடியும் வரை வலப்புறம் திரும்பியவை ஒரு டெம்போவும் இரண்டு பைக்குகளும் மட்டுமே. மற்றவை எல்லாம் நேராகவே போயின. அந்த மூன்று வண்டிகளுக்காக, நேரே போக வேண்டிய நாங்கள் அத்தனை பேரும் காத்து நின்றோம். எனக்கு முன்னால் தக்காளிக் கூடைகளுடன் நின்ற எக்ஸெல்காரர், வண்டியை அணைத்து, தளர்ந்த கயிற்றை இழுத்துக் கட்டி, மறுபடி உதைத்துக் கிளப்பிய பிறகும் சிவப்பு மாறவில்லை.

நான்கு சாலைகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை விடுவதுதான் இந்தத் தாமதத்துக்குக் காரணம். ஒரு சாலைக்கு 30 நொடி பச்சை, 3 நொடி மஞ்சள் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 132 நொடி ஆகிறது. சிவப்பு விழுந்ததும் வந்து நிற்பவர் 99 நொடி காத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எதிரெதிர்ச் சாலைகளில் நேரே போவோரை ஒன்றாக 30 நொடி விட்டு, பிறகு இருபுறமும் வலப்புறம் திரும்புவோருக்கு மட்டும் 12 நொடி பச்சை அம்புக்குறி காட்டினால், அதே மஞ்சளைச் சேர்த்தும் சுற்று 96 நொடியில் முடிந்துவிடும். நேரே போவோருக்குக் கிடைக்கும் பச்சையில் ஒரு நொடிகூடக் குறையாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வலப்புறம் திரும்பும் வண்டிகள் ஒதுங்கி நிற்கத் தனித் தடம் வேண்டும். இல்லையென்றால், அம்புக்குறிக்காகக் காத்திருக்கும் ஒரே ஒரு லாரி பின்னால் வரும் அத்தனை வண்டிகளையும் மறித்துவிடும். திரும்புவோரே மிகுதியாக இருக்கும் நேரத்தில் 12 நொடியும் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரி பக்கமிருந்து ஊருக்குள் வந்து, ஒகேனக்கல்லுக்காகப் பென்னாகரம் சாலையில் திரும்பும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். ஆகவே, நாளுக்கும் வேளைக்கும் ஏற்ப நொடிகளை மாற்றியமைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வண்டிகள் வலப்பக்கம் ஓடும் அமெரிக்காவில் இதே சிக்கல் இடப்புறம் திரும்புவோரால் எழுகிறது. அங்கே பல சந்திப்புகளில் மஞ்சள் அம்புக்குறி மின்னினால், எதிரே வண்டி வராத இடைவெளி பார்த்துத் திரும்பிக்கொள்ளலாம். அதை இங்கே கொண்டுவரக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். பைக்கும் ஆட்டோவும் பேருந்தும் இடைவெளியின்றி நெருக்கியடித்து வரும் நம் சாலையில், அந்த இடைவெளியைக் கணிக்கும் பொறுப்பை ஓட்டுநரிடம் விடுவது ஆபத்து. நமக்குத் தேவை எதிரே வருவோரை முழுவதும் நிறுத்திய பிறகு எரியும் பச்சை அம்புக்குறிதான்.

இடப்புறம் திரும்பும் ஓரத்தை மறித்து ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்றுவதையும் இதோடு சேர்த்து நிறுத்த வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில், இந்த நொடிக் கணக்கையும் சந்திப்பின் கைவரைபடத்தையும் இணைத்து மனு கொடுக்கப் போகிறேன். அந்த வழியில் தினமும் போகிறவர்கள், காலையிலும் மாலையிலும் ஒரு பச்சைக்கு எத்தனை வண்டிகள் வலப்புறம் திரும்புகின்றன என்று எண்ணி இங்கே எழுதினால், அதையும் மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.