காக்காயைச் சுட வெள்ளிக்கிழமை வரை பொறுக்க வேண்டும்

நியூயார்க் மாநிலத்தில் காக்காய் வேட்டைக்கு சீசன் உண்டு. செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. அதிலும் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை சுட்டால் குற்றம். சரி, ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம்? அதற்குக் கணக்கே கிடையாது. இங்கே என்னோடு வேலை பார்க்கும் வேட்டைக்காரர் ஒருவர் இதைச் சொன்னதிலிருந்து விதிகளைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

இந்த நாலு நாள் எங்கிருந்து வந்தது? அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி, காக்காய் சீசன் வருஷத்துக்கு 124 நாளைத் தாண்டக் கூடாது. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் உச்ச காலத்தில் சுடக் கூடாது. விமானத்தில் இருந்தபடி சுடக் கூடாது. துப்பாக்கி, வில், பழக்கிய வல்லூறு மூன்றும் சரி. மிச்சத்தை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளலாம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை எண்ணினால் 212 நாள் வரும். வாரத்துக்கு நாலு நாள் என்று வைத்தால் 121க்குப் பக்கத்தில் அடங்கிவிடும். ஆக, செவ்வாய் முதல் வியாழன் வரை கிடைக்கும் ஓய்வு காக்காய்க்காக யோசித்துக் கொடுத்ததில்லை. வேட்டைக்காரர்களுக்கு ஏழு மாத வார இறுதியும் சிந்தாமல் கிடைக்கச் செய்த ஏற்பாடு.

இந்த அளவு விதி வந்ததே பெரிய விஷயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் 1918இலேயே வந்துவிட்டது. காக்காய் அதில் இல்லை. ஓக்லஹோமாவில் 1934க்கும் 1945க்கும் இடையே காக்காய்கள் ராத்திரி அடையும் தோப்புகளில் டைனமைட் கட்டி வெடித்தார்கள். செத்தவை சுமார் 38 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். பயிர்ச்சேதம் குறைந்ததா என்றால், குறைந்ததற்கு அடையாளமே இல்லை. 1972இல் மெக்சிகோவோடு இருந்த பறவை ஒப்பந்தத்தைத் திருத்தி, கழுகு, ஆந்தையோடு காக்காய்க் குடும்பத்தையும் சேர்த்தார்கள். அப்புறம்தான் இந்த 124 நாள் எல்லாம்.

அதே 1972இல்தான் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் ஐந்தாவது அட்டவணையில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவாலோடு காக்காயையும் தீங்குயிர் என்று போட்டிருந்தார்கள். அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிற ஊரில்! 2022இல் செய்த திருத்தத்தில்தான் அந்த அட்டவணையே போனது. அதனால் அமெரிக்காக்காரனை மட்டும் திட்டுவதற்கு நமக்கு யோக்கியதை இல்லை.

என் சண்டை வேறு. காக்காய் வேட்டை ஏன் வேண்டும் என்று கேட்டால், மக்காச்சோள முளையைப் பிடுங்குகிறது, வாத்து முட்டையைத் தின்கிறது என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் சோளம் முளைப்பதும் வாத்து முட்டையிடுவதும் வசந்த காலத்தில். அப்போது காக்காயும் கூட்டில் இருக்கும், சீசன் மூடியிருக்கும். இலையுதிர் காலத்தில் முற்றும் கதிரைக் கொஞ்சம் கொத்தும், ஒப்புக்கொள்கிறேன். ஜனவரியில்? அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் தானியத்தைப் பொறுக்குகிறது. அதோடு, குளிர்காலத்தில் இங்கே கூடும் கூட்டத்தில் கனடாவிலிருந்து இறங்கி வந்தவையும் உண்டு. இங்கத்திய விவசாயியின் சோளத்தை ஒருநாளும் தொட்டிராத காக்காயைச் சுட்டுவிட்டு விவசாயியைக் காப்பாற்றினேன் என்றால் எப்படி?

உண்மையிலேயே சேதம் படுகிற விவசாயிக்குத் தனி விதி இருக்கிறது. சீசன் இல்லாத நாளிலும், தனி அனுமதி வாங்காமலே, சேதம் செய்யும் காக்காயைக் கொல்லலாம். முன்பு 'சேதம் செய்யப்போகும்' காக்காயைக்கூடக் கொல்லலாம் என்று இருந்தது. ஒரு காக்காயின் உள்நோக்கத்தை எப்படிக் கண்டுபிடித்தார்களோ! 2014இல் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். கொல்வதற்கு முன் வேறு வழியில் விரட்டிப் பார்த்திருக்க வேண்டும், எத்தனை கொன்றோம் என்று வருஷாவருஷம் எழுதிக் கொடுக்க வேண்டும். நியாயமான விதி. இது இருக்கும்போது பொழுதுபோக்கு சீசனுக்கு என்ன வேலை?

சுடுகிற விதம் தெரிந்தால் எரிச்சல் இன்னும் கூடும். வயலோரம் பிளாஸ்டிக் ஆந்தை ஒன்றைக் கம்பில் நிறுத்துவார்கள். ராத்திரியில் காக்காயைப் பிடித்துத் தின்கிற எதிரி அது. பகலில் அது கண்ணில் பட்டால் ஒரு காக்காய் கத்தும், சுற்றுவட்டாரமே திரண்டு வந்துவிடும். மறைந்திருப்பவர் ஊதுகுழலில் காக்காய் மாதிரியே கத்துவார். ஒன்றுக்கு ஒன்று துணைக்கு ஓடிவரும் குணம்தான் இங்கே தூண்டில். பெரும்பாலும் யாரும் தின்பதும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். ரேவன் என்கிற பெரிய காக்கை, நம் அண்டங்காக்காயைவிடப் பெரியது, அதைச் சுடவே கூடாது. மத்தியச் சட்டத்தில் 15,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வால் ஆப்பு மாதிரி இருக்கும், குரல் கரகரக்கும் என்று அடையாளம் சொல்கிறார்கள். மங்கல் வெளிச்சத்தில் கூட்டமாக வரும்போது வாலை யார் பார்ப்பது?

இதே மாநிலத்தில் ஆபர்ன் என்ற ஊரில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் காக்காய் அடையும். அங்கே யார் அதிகம் சுடுகிறார்கள் என்று போட்டியே நடந்தது. பரிசுக்காக விலங்குகளைக் கொல்லும் இந்த மாதிரிப் போட்டிகளுக்கு எதிரான சட்டத்தில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் 2023 டிசம்பரில் கையெழுத்திட்டார். நல்லது. ஆனால் பரிசு இல்லாமல் தனியாகப் போய் அத்தனையும் சுட்டால் இன்றைக்கும் சட்டப்படி சரிதான்.

சக ஊழியரிடம் இதையெல்லாம் சொன்னேன். துப்பாக்கி, தோட்டா மேல் வசூலிக்கும் வரிதான் 1937இல் வந்த சட்டப்படி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது, உன்னுடைய பறவை பார்க்கிற பைனாகுலருக்கு அந்த வரி உண்டா என்று கேட்டார். இல்லைதான். பைனாகுலருக்கும் போடட்டும், நான் கட்டுகிறேன். அதற்கு ஈடாக காக்காய் சீசனை எடுத்துவிட்டு, சேத விதியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.