16 வருஷ வண்டிய நம்பி லாங் போலாமா?

போன வாரம் ஒரு கல்யாணத்துல சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டார், "இவ்ளோ பழைய வண்டிய நம்பி எப்படிங்க குடும்பத்தோட வெளியூர் போறீங்க?" பந்திக்கு கூப்பிட்டுட்டாங்க, பதில் சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன்.

என்னது 2009 மாடல், சின்ன பெட்ரோல் கார். 2018ல செகண்ட் ஹேண்டா வாங்குறப்ப மீட்டர்ல 78 ஆயிரம், இப்ப 1 லட்சத்து 46 ஆயிரம். இத்தன வருஷத்துல நடுரோட்டுல நின்னது ரெண்டே தடவ. ரெண்டுமே இன்ஜின் கோளாறு கிடையாது.

மொத தடவ, வாங்கி மூணாவது மாசம். சத்தியமங்கலத்துல இருந்து திம்பம் ஏறிக்கிட்டு இருக்கோம், 27 கொண்டை ஊசி வளைவு, பின்சீட்டுல அம்மாவும் சின்னவளும். பாதிக்கு மேல ஏறியாச்சு, டெம்பரேச்சர் முள்ளு மேல போகுது. ஏசிய அணைச்சு ஹீட்டர ஃபுல்லா வச்சு (இன்ஜின் சூட்ட அது கொஞ்சம் வாங்கிக்கும்) ஓரங்கட்டி பாத்தா ரேடியேட்டர் ஹோஸ் கிழிஞ்சு தண்ணி கொட்டுது, அதுவும் துரு கலர்ல. முன்னாடி வச்சிருந்தவர் கூலன்ட்டே (இன்ஜின் சூட்ட ஆத்துறதுக்கு ரேடியேட்டர்ல ஊத்துற திரவம்) ஊத்தாம போர் தண்ணிலயே ஓட்டியிருக்கார். யானை நடமாடுற காடு, ஆள் வர்ற வரைக்கும் அம்மா என் கைய விடவே இல்ல, அத இன்னும் மறக்க முடியல.

வண்டிய கட்டி இழுத்துட்டு போன ஒர்க்‌ஷாப்புல ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் மேல்பாகத்துக்கும் அடிபாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல்) போயிருச்சு, இன்ஜின் இறக்கணும், 38 ஆயிரம்னாங்க. மனசு ஒப்பல. எங்க ஊரு மெக்கானிக் டிப் ஸ்டிக்க (இன்ஜின் ஆயில் பாக்குற கம்பி) எடுத்து காமிச்சார், "அண்ணா, ஆயில் பால் டீ மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ள போயிருக்குன்னு அர்த்தம், இது சுத்தமா இருக்கு பாருங்க." ஹோஸ், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் கிளீனிங், கூலன்ட் எல்லாம் சேத்து 4,600 ரூபா. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் சூடு ஏறினதே இல்ல.

ரெண்டாவது தடவ நின்னது பேட்டரியால. டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தத பாத்தும் நான் விட்டுட்டேன், அது என் தப்பு.

அதனாலதான் சொல்றேன், செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறப்ப "டாக்டர் ஓட்டுன வண்டி, 12 வருஷத்துல 30 ஆயிரம்தான் ஓடியிருக்கு"ன்னு சொன்னா உடனே மயங்காதீங்க. ஓடாம நின்னாலும் ரப்பர் காஞ்சுக்கிட்டேதான் இருக்கும், ஹோஸு, பெல்ட்டு, புஷ்ஷு, டயரு எல்லாமே. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 1917ன்னா 2017ல 19வது வாரம் செஞ்சது, பழைய டயர்ல பட்டன் (ரோட்டுல படுற பல்லு) நல்லா இருக்கேன்னு அத நம்பி மலை ஏறாதீங்க. ரேடியேட்டர் மூடிய இன்ஜின் ஆறினப்புறம் தொறந்து உள்ள என்ன கலர்னு பாருங்க. வண்டி வெலைக்கு மேல ஒரு 25 ஆயிரம் கையில வச்சுக்கிட்டு, வாங்குன மாசமே ரப்பர் சாமானையும் ஆயில் கூலன்ட்டையும் மாத்திருங்க, சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் அப்புறம் போட்டுக்கலாம்.

போன வருஷம் 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. ரினியூவல் பண்ணேன். 2022 ஏப்ரல்ல இருந்து அந்த ஃபீஸ் 600 ரூபால இருந்து 5,000 ஆயிருச்சு, ஆனா அஞ்சு வருஷத்துக்கு செல்லும். புது வண்டிக்கு ஒரு மாச இஎம்ஐயே அதுக்கு மேல வரும்.

இப்ப பாக்கி இருக்கறது டைமிங் பெல்ட் (இன்ஜின் உள்ள வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கற பெல்ட்). வெளிய இருந்து பாத்தா நல்லாதான் தெரியுது, ஆனா என் இன்ஜின்ல அது அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிரும்னு மெக்கானிக் சொல்லிட்டார். நாளைக்கு காலைல ஷெட்டுல வண்டிய விடுறேன்.