அந்தப் பிள்ளையிடம் பேசியது யார்?

விக்டோரியா கிளிம்பியே என்ற பெயரை, இங்கே லண்டனில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பி, தகப்பனுடைய அத்தை முறையான ஒரு பெண்ணோடு பெற்றோர் அவளை அனுப்பி வைத்தார்கள். பிரான்ஸ் வழியாக 1999 ஏப்ரலில் லண்டன் வந்தாள். 2000 பெப்ரவரி 25 அன்று ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வயது 8. உடம்பில் 128 காயங்கள். கடைசி மாதங்களில், அந்தக் குளிரில், குப்பைப் பைக்குள் கட்டி குளியல் தொட்டியில் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் அவளோடு இருந்த ஆணுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

லேமிங் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வந்தது. அதில் 108 பரிந்துரைகள். அவளைக் காப்பாற்ற குறைந்தது 12 சந்தர்ப்பங்கள் இருந்தன என்று அது எண்ணிக் காட்டியது. நான்கு கவுன்சில்களின் சோஷல் சேர்விஸ் (பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் துறை), இரண்டு ஆஸ்பத்திரிகள், பொலிஸின் இரண்டு சிறுவர் பாதுகாப்புப் பிரிவுகள் என்று எல்லோருடைய கோப்பிலும் அவள் இருந்தாள். அதுவும் அன்னா என்ற பெயரில். அவளுடைய சொந்தப் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளை அழைத்து வந்த அந்த அத்தை வந்து நின்றால் பிள்ளை விறைத்துப்போய் நிற்பதைத் தாதிகள் பார்த்திருக்கிறார்கள். அவளுக்குச் சொறி என்று சொன்னதால், அது தொற்றிவிடும் என்ற பயத்தில் பொலிஸ்காரி ஒருவர் வீட்டுக்கே போகவில்லை. அவள் இறந்த அதே நாளில் ஹாரிங்கே கவுன்சில் அவளுடைய கோப்பை மூடியது.

ஆனால் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. அவளுக்குப் பொறுப்பாக இருந்த சோஷல் வேர்க்கர் அவளைப் பார்த்தது மொத்தம் நான்கு தடவை. நான்கையும் சேர்த்தால் அரை மணி நேரம்கூட இல்லை. பேசியது 'ஹலோ, எப்படி இருக்கிறாய்' என்ற அளவில்தான். பிள்ளை பேசிய மொழி பிரெஞ்சு. அவளைப் பற்றிய கதையை எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருந்தது அவளை அடித்தவள்.

அவள் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்துக் கொவென்ட்ரியில் டேனியல் பெல்கா. போலந்துக் குடும்பத்துப் பிள்ளை, நான்கு வயது, 2012 மார்ச்சில் கொல்லப்பட்டான். பசி தாங்காமல் பள்ளிக்கூடத்துக் குப்பைத் தொட்டியில் சாப்பாடு தேடியவன். அவனுக்குச் சாப்பாட்டு விஷயத்தில் ஏதோ நோய் என்று தாய் சொன்னாள், நம்பிவிட்டார்கள். அவனுடைய மரணம் பற்றி 2013இல் வந்த ஆய்வைத் தேடி வாசித்தேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனுடைய மொழியில் அவனிடம் யாரும் பேசியதாக ஒரு பதிவும் இல்லை.

நான் பத்து வருடத்துக்கு மேலாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஒருநாள் ஓர் ஆஸ்பத்திரியில், கை முறிந்த ஐந்து வயதுப் பையன். டொக்டர் தாயைக் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், தகப்பன் பதில் சொன்னார். பையன் கட்டிலில் கால்களை ஆட்டிக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்போமா என்றேன். அவனுக்கு இங்கிலிஷ் தெரியும்தானே, வெளியே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்கள். அவனுக்குத் தெரிந்த இங்கிலிஷ் நிறங்களின் பெயரும் பத்து வரை எண்ணுவதும்தான். அது விழுந்து முறிந்த கையாகத்தான் இருக்கும், அந்தப் பெற்றோரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வேறு ஏதாவது நடந்திருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஆய்வுகளால் என்ன பயன், பிள்ளை போன பிறகு அறிக்கை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் உடன்பாடில்லை. 1973இல் பிரைட்டனில் மரியா கோல்வெல் என்ற ஏழு வயதுப் பிள்ளை மாற்றாந்தகப்பன் கையால் இறந்த பிறகு நடந்த விசாரணைதான், இந்த நாட்டில் வெவ்வேறு துறையினர் ஒரே மேசையில் உட்காரும் வழக்கத்தையே கொண்டு வந்தது. கிளிம்பியே அறிக்கையைத் தொடர்ந்து 2004இல் சிறுவர் சட்டம் வந்தது. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

சரி, பிழை எங்கே? ஒவ்வொரு அறிக்கைக்குப் பிறகும் இன்னும் நாலு படிவம் கூடுகிறது. 2007இல் அதே ஹாரிங்கேயில் 17 மாதக் குழந்தை பீற்றர் கொனலி இறந்தபோது, அதிகாரிகளும் மருத்துவர்களும் எட்டு மாதத்தில் அவனை 60 தடவை பார்த்திருந்தார்கள். அப்புறம் சிறுவர் பாதுகாப்பு முறையை அரசுக்காக ஆய்வு செய்த பேராசிரியர் எய்லீன் மன்ரோ 2011இல் இதைத்தான் சொன்னார்: விதிகளையும் படிவங்களையும் நிரப்புவதிலேயே சோஷல் வேர்க்கரின் நேரம் போய்விடுகிறது, பிள்ளையோடு இருக்க நேரம் இல்லை. பிள்ளையைக் காப்பாற்ற எழுதிய தாள்களே பிள்ளையின் நேரத்தைத் தின்கின்றன. அதனால்தான் 109ஆவது பரிந்துரை எனக்கு வேண்டாம். தகப்பன் தாய் இல்லாத அறையில், அந்தப் பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவரோடு, அரை மணி நேரம் கொடுங்கள்.

நம்மவர்களுக்கும் சொல்ல வேண்டும். 'சோஷல் சேர்விஸ் வந்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடும், வாயைத் திறக்காதே' என்று பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாயைத் திறக்காதே என்று பழக்கிய பிள்ளை, உண்மையிலேயே யாராவது அடிக்கும்போதும் திறக்காது.

கை முறிந்த அந்தப் பையனைப் பார்த்த நாளிலிருந்து நான் ஒரு விஷயம் செய்கிறேன். மொழிபெயர்க்கக் கூப்பிடும்போதே, பிள்ளையிடமும் பேசுவீர்களா, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். பல இடங்களில் முகம் சுளிக்கிறார்கள். போன மாதம் ஒரு தாதி சரி என்று தனியறை திறந்து, சின்ன நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். ஆறு வயதுப் பிள்ளை முதலில் பேசவில்லை. தமிழில் பேர் கேட்டேன், சொன்னாள். பிறகு தன் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் வளர்க்கும் ஆட்டைப் பற்றிப் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள்.